பாஸ்வேர்டு கேட்காத கணினி

காலையிலிருந்து நீலத் திரையோடு முரண்டு பிடித்த வீட்டுக் கணினி, பென்டிரைவில் ஏற்றி வந்த லினக்ஸ் என்ற மாற்று இயங்குதளத்தில் ஒருவழியாகக் கண் திறக்கிறது. ஜன்னல் வெயிலில் திரையின் தூசி தெரிகிறது. பின்னால் மனைவி துவைத்த சட்டையை உதறிக்கொண்டிருக்கிறாள். "உன் ஃபைல் ஒண்ணும் போகலை, பாரு" என்கிறான் கணவன். ஒரே சொடுக்கில் அவளுடைய படங்களும் கடிதங்களும் விரிகின்றன. நடுவில் 'எனக்கு மட்டும்' என்றொரு ஃபோல்டர். உதறும் சத்தம் நிற்கிறது. "நான் போட்ட பாஸ்வேர்டை இது கேக்கவே இல்லையே?" "இது கேக்காது. டிஸ்க்கை நேரா படிச்சிடும்." ஈரச் சட்டையை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து நிற்கிறாள். "எந்திரிங்க." அவன் எழுந்துபோய் அந்தச் சட்டையை எடுத்து உதறுகிறான். வாளியில் மிச்சமிருப்பதையும் ஒவ்வொன்றாக ஜன்னலோரக் கொடியில் போடுகிறான், திரைக்கு முதுகைக் காட்டியபடி.