எடுத்தவர் பெயர்

நாற்பத்தோரு புத்தகங்கள். ‘எடுத்தவர் பெயர்’ என்ற கட்டத்தில் நாற்பத்தோரு முறையும் ஒரே பெயர்: அமீர் ஜான்.

அமீர் ஜான் எங்கள் செஞ்சி வாசகசாலையின் காப்பாளர். புத்தகம் கொடுப்பது, திரும்ப வாங்கி வைப்பது, ரிஜிஸ்தரில் எழுதுவது எல்லாம் அவர் ஒருவர்தான். கமிட்டி உறுப்பினர்களாகிய நாங்கள் ஏழு பேரும் அந்த ரிஜிஸ்தரைத் திறந்து பார்த்ததே அன்றைக்குத்தான்.

கமிட்டித் தலைவரான தலைமையாசிரியர் இராமச்சந்திரன் பக்கம் பக்கமாக உரக்கப் படித்தார். தொடங்கும்போது அவர் குரலில் நடுக்கம் இருந்தது. கடைசிப் பக்கத்துக்கு வரும்போது கம்பீரம் வந்துவிட்டது.

அது 1943 ஜனவரி. ஆகஸ்டுப் போராட்டம் அடங்கியிருந்தது; கைதுகள் அடங்கவில்லை. ‘வாசகசாலையில் அரசியல் நூல்களை எடுத்துப் படிப்பவர்கள் யார் யார்? ரிஜிஸ்தரை அனுப்பவும்’ என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்திருந்தது.

அந்த நூல்கள் இருந்தது, காலமான ஒரு நீதிபதி எங்களுக்கு விட்டுப்போன அலமாரியில். நீதி என்றால் என்ன என்று விசாரித்த ஒரு கிரேக்கர், மனிதர் பிறப்பால் சமம் என்று வாதாடிய பிரெஞ்சுக்காரர்கள், ராஜாவே இல்லாத தேசங்களைக் கற்பனை செய்த நாவலாசிரியர்கள். எல்லாம் ஆங்கிலத்தில்.

“நாப்பத்தொண்ணையும் நீயேவா எடுத்தே?” என்றார் தலைமையாசிரியர்.

“ஆமாங்க சார்.”

“ஒரு ஆளுக்கு ஒரு புஸ்தகம்தான்னு விதி இருக்கு, தெரியுமா?”

“தெரியுங்க.”

“தெரிஞ்சும் எதுக்கய்யா எடுத்தே?”

“நீங்கதானே சார் ‘கட்டாயம் படிக்க வேண்டிய நூல்கள்’னு எழுதிச் சுவத்துல ஒட்டினீங்க!”

எல்லோரும் சுவரைப் பார்த்தோம். பசைத் தடம் மட்டும் இருந்தது. பட்டியலைத் தலைமையாசிரியர் அன்று காலையே கிழித்திருந்தார்.

கமிட்டியில் இருந்த மல்லாட்டை மண்டிக்காரர், நிலக்கடலை வியாபாரி அடைக்கலராஜ் குறுக்கிட்டார். “இன்னா பாய், உனுக்கு இங்கிலீஷ் படிக்க வருமா?”

“எழுத்துக் கூட்டுவேங்க. ஒரு பக்கம் முடிக்க ஒரு நாளு ஆவும்.”

“அப்போ நாப்பத்தோரு புஸ்தகம் முடிக்க உன் பேரனுக்குப் பேரன் வரணுமே!”

சிரித்தோம். அந்தக் கணக்கை அதற்குமேல் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

நான் பெண்கள் பள்ளி ஆசிரியை. சென்னையில் தத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவள். விசாரணையை எப்படி நடத்த வேண்டும் என்று மற்றவர்களுக்குக் காட்ட விரும்பினேன்.

“அந்தக் கிரேக்கர் நீதியைப் பத்தி என்ன சொல்றார்? ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க, போதும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அது உங்களுக்குத் தெரியுமே, டீச்சரம்மா.”

“எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறேன். புரியாத புஸ்தகத்தை மத்தவங்களுக்குக் கிடைக்காம எடுத்து வெச்சுக்கறதுக்குப் பேர் படிப்பு இல்லை, பாய். திருட்டு.”

அவர் தலை குனிந்துகொண்டார்.

அடைக்கலராஜ் விடவில்லை. “ஸ்டேஷன்ல கூப்ட்டுக் கேட்டா இன்னா சொல்லுவே?”

“நான்தான் எடுத்தேன்னு சொல்லுவேங்க.”

“உள்ள வெச்சுடுவான், தெரியுமில்ல?”

அமீர் ஜான் தலையாட்டினார். பிறகு, “வூட்டுல சாகிராவும் ரெண்டு பொண்ணுங்களும் இருக்குதுங்க. நான் வர்ற வரைக்கும் அவங்களுக்கு எதுனா...” என்று இழுத்தார்.

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்” என்றார் தலைமையாசிரியர்.

தீர்மானம் தயாராக இருந்தது. விதியை மீறிய காப்பாளரை இன்றே வேலையிலிருந்து நீக்குவது. ரிஜிஸ்தரை உள்ளபடியே ஸ்டேஷனுக்கு அனுப்புவது.

“ஆதரிக்கிறவங்க கையைத் தூக்கலாம்.”

எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கை மற்றவர்களுடையதைவிடச் சற்று முன்னதாகவே உயர்ந்தது.

தலைமையாசிரியர் கைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போதே அமீர் ஜான் அலமாரிச் சாவியை மேஜைமேல் வைத்தார். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேங்க. ஏழு புஸ்தகம் இன்னும் அலமாரிக்குத் திரும்பல. உங்க ஏழு பேர் வூட்லயும் ஆளுக்கு ஒண்ணு இருக்குது. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து வெச்சுடுங்க. ஆகஸ்டுலேர்ந்து யார் எடுத்தாலும் நான் என் பேரத்தான் எழுதினேன். உங்க பேர எழுத மனசு வரல. அதனால மொதல்ல என் வூட்டத்தான் சோதன போடுவாங்க. அங்க இந்த ஏழும் ஆப்டலன்னா, அப்புறம் உங்களத் தேடி வந்துடுவாங்க.”

தூக்கிய கைகளை யாரும் இறக்கவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். “டீச்சரம்மா, அந்தக் கிரேக்கர் புஸ்தகம் உங்ககிட்டதான் இருக்குது. நீங்க தனியா இருக்கறவங்க. மொதல்ல நீங்க குடுத்துடுங்க.”

வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று எழுதினார். வழிமொழிந்தவர் என்று ஒரு பெயர் வேண்டும் என்று சொல்லி, பேனாவை எங்கள் பக்கம் நீட்டினார்.

வாங்கி, என் பெயரை எழுதினேன்.