புகைபோக்கியில் ஒரு கூடு

ஆடிக் காற்று வலுத்தது. ஊருக்கு வேண்டிய மின்சாரத்தைக் காற்றாலைகளே கொடுத்ததால், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வேலையில்லாமல் நின்றது. காக்கை ஒன்று அதன் விளிம்பில் கம்பித் துண்டுகளால் கூடு கட்டி, மூன்று முட்டையும் இட்டுவிட்டது.

"இது என்ன சத்திரமா?" என்றது புகைபோக்கி. "காத்து நின்னா என்னைத்தான் மூட்டுவாங்க. முட்டை வெந்துடும்."

காக்கை எதிர்க் குன்றிலிருந்த காற்றாலையிடம் பறந்தது. "ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், நிக்காம சுத்துவியா?"

"நான் ஒருத்தன் சுத்தினா போதாது. கடற்கரையில இருக்கிறவங்ககிட்டயும் சொல்லி வை. இங்க காத்து விழுந்தா அவங்க பாத்துக்கட்டும்."

காக்கை கடற்கரை முழுக்கப் போய்ச் சொல்லி வந்தது.

இருபதாம் நாள் குஞ்சு பொரித்தது. முப்பதாம் நாள் குன்றில் காற்று அடியோடு நின்றது.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றது புகைபோக்கி.

ஆனால் கடற்கரையில் காற்றாலைகள் விடாமல் சுற்றின. நிலக்கரியை யாரும் மூட்டவில்லை. மறுநாள் காற்று வேறு திசையிலிருந்து வந்தது. குன்றுக் காற்றாலை முனகிக்கொண்டே முகத்தைத் திருப்பி அதைப் பிடித்துக்கொண்டது.

நாற்பத்தைந்தாம் நாள் இரண்டு குஞ்சுகள் பறந்துவிட்டன. அன்று மாலை எங்கும் காற்று தளர்ந்தது. காற்றாலையின் சுற்று மெதுவானது.

"டேய், நிக்காதடா!" என்று குன்றைப் பார்த்துக் கத்தியது புகைபோக்கி. "சின்னவனுக்கு இன்னும் சிறகு வலுக்கலடா!"