ஒட்டுப்பலகைக் குண்டுவிமானம்

மழை இறங்கியதும் ஆடுகள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பதினோரு ஆடும் விமானத்தின் இறக்கைக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டன.

அவள் மட்டும் வெட்டவெளியில் நனைந்தாள்.

சினிமாக்காரர்கள் விட்டுப்போன விமானம். சண்டைக்காலத்துக் குண்டுவிமானம் மாதிரியே செய்திருந்தார்கள். இரும்புக் குழாய், ஒட்டுப்பலகை, பச்சைப் பெயின்ட். காரைக்குடிக்கு வெளியே, வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுதளத்தில் ஒரு வருடமாகக் கிடக்கிறது. அதன் வயிற்றுக்குள் சேவுகன் வைக்கோல் போட்டு வைத்திருந்தான். பக்கத்து வயல்காரன்.

அந்த ஒரு வருடமும் அவள் அதை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டுதான் போனாள். நிமிர்ந்து பார்த்ததில்லை.

"உள்ள வாங்கக்கா. வெறும் பலகைதான்" என்றான், முன்னமே உள்ளே ஒதுங்கியிருந்த சேவுகன்.

பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. அவள் ஓடிவந்து ஏறிவிட்டாள்.

உள்ளே வைக்கோல் வாடை. ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டாள். துரு ஒட்டியது. பலகையை விரலால் தட்டினாள். காலிப்பெட்டியின் சத்தம்.

பிறகுதான் சொன்னாள். ஐம்பத்திரண்டு வருடம் யாரிடமும் சொல்லாததை.

அவள் அப்பாவுக்கு ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. அவளுக்கு ஏழு வயது. தம்பி சோலைக்கு நாலு. ஜப்பான்காரன் விமானம் வந்த அன்று, பட்டப்பகலில், தெருவே வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. குண்டு போடுவான் என்று யாரும் நினைக்கவில்லை. கூட்டம் மறைக்கிறது என்று தம்பி அழுதான். அவள்தான் அவனைத் தோளில் தூக்கி வைத்தாள்.

"கைய ஆட்டுடான்னேன். ஆட்டுனான்."

அவள் பிழைத்துக்கொண்டாள்.

சேவுகன் வைக்கோலில் ஒரு தாளை எடுத்து மடக்கிக்கொண்டே இருந்தான்.

மழை விட்டது. ஆடுகள் மேயப் போயின. அவள் இறங்கவில்லை. குனிந்து தவழ்ந்து விமானத்தின் மூக்குக்குப் போனாள். அங்கே கூண்டு மாதிரி கண்ணாடி வைத்திருந்தார்கள். குண்டு போடுகிறவன் உட்காரும் இடம். கண்ணாடிகூட இல்லை, பிளாஸ்டிக். வெயிலில் மங்கிப் போயிருந்தது.

அதில் உட்கார்ந்தாள்.

சேவுகனைத் தூரத்தில் போய் நிற்கச் சொன்னாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. ஈரத்தரையில் செருப்பை இழுத்துக்கொண்டு வெகுதூரம் நடந்தான். திரும்பினான். அவள் சொல்லாமலே கையைத் தூக்கி ஆட்டினான்.

"தெரியுதாக்கா?" என்று அங்கிருந்தே கத்தினான்.

முகம் தெரியவில்லை. சட்டையின் நிறம்கூடத் தெரியவில்லை.

"கை தெரியுதுப்பா" என்றாள்.

அவனுக்குக் கேட்டிருக்காது. ஆட்டிக்கொண்டே நின்றான்.