ஓட்டுநரின் ஒரு வரி

பறக்கும் வீரனின் இரண்டாம் பாகம் படு மோசம். அரங்கில் எங்களையும் சேர்த்து ஒன்பது பேர். இரண்டு முறை எண்ணினேன். மாலை வகுப்பில் என் பக்கத்தில் அமரும் சுகந்திதான் கூட்டி வந்தாள். போன வருடம் இறந்துபோன அவள் அப்பா கடைசியாகத் தமிழ்க் குரல் கொடுத்தது இதில் வரும் பேருந்து ஓட்டுநருக்குத்தான். ஒரே ஒரு வரி. முதல் பாகத்தில் அவர் பேசியது விசில் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவே இல்லையாம்.

“வருதுடி, பேசாம இரு.”

திரையில் பாலம் ஆடியது. ஓட்டுநர் அழுகிற சிறுமியிடம் திரும்பினார்.

“பயப்படாம இறங்கும்மா. அப்புறமா நானும் வர்றேன்.”

ஒருவரும் விசிலடிக்கவில்லை. இப்படி ஒரு மோசமான படத்தை எடுத்தவர்களுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். அது சரியா என்று தெரியவில்லை.

திரையைப் பார்த்து “சரிப்பா” என்ற சுகந்தி, மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.