சிங்கம் மாதிரி சத்தம்

"துடுப்பு இருக்கா?" படகில் கால் வைக்கும் முன்பே கேட்டாள் அவள்.

பழைய மோட்டார் விற்கும் தரகருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மோட்டார் வாங்க வந்துட்டுத் துடுப்பைக் கேக்குறாங்களே உங்க அண்ணி!" என்றார், பக்கத்தில் நின்ற அவளுடைய கொழுந்தனிடம். அதுவரை அவர் பேசியதெல்லாம் அவனிடம்தான். மோட்டார் விஷயத்தில் பெண்ணிடம் பேச என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

கொழுந்தன் சிரிக்கவில்லை. "அண்ணி கேட்டா எடுத்துப் போட்டுடுங்க" என்றான். தரகர் சலித்துக்கொண்டே ஒரு துடுப்பைத் தேடி எடுத்துப் படகுக்குள் போட்டார்.

மோட்டார் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. புதுப் பெயின்ட் அடித்த கறுப்பு உறை வெயிலில் பளபளத்தது. துறையை விட்டு மெல்ல நகர்ந்த படகு ஆற்றின் நடுவுக்கு வந்ததும், தரகர் கைப்பிடியை ஒரே முறுக்காக முறுக்கினார்.

காது அடைக்கிற மாதிரி கத்தியது மோட்டார். "கேட்டீங்களா சார்? சிங்கம்! இந்த ஆத்துல இப்படி ஒரு பவர் எவன்கிட்டயும் கிடையாது!"

"சத்தம் போகுது. படகு போகலையே" என்றாள் அவள்.

எதிரே கரையில் தெரிந்த தண்ணீர்த் தொட்டி கொஞ்சமும் கிட்டே வரவில்லை. படகு மட்டும் நீரோட்டத்தின் போக்கில் பாலத்துத் தூணை நோக்கிப் பக்கவாட்டில் ஒதுங்கிக்கொண்டிருந்தது.

"பாசி சுத்தியிருக்கும்க்கா."

"அணைச்சிட்டு மேல தூக்குங்க. பாத்துடலாம்."

தூக்கிப் பார்த்தார்கள். பாசி இல்லை, கயிறு இல்லை. புரொப்பல்லரின் மூன்று இறக்கைகளும் ஒடியாமல் வளையாமல் இருந்தன.

"அப்ப பிளக்காத்தான் இருக்கும்."

"பிளக் போனா இப்படியா கத்தும்? இருமிட்டுல்ல நிக்கும்!"

தரகரின் முகம் சுருங்கியது. "உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுக்கா. சார், நீங்க சொல்லுங்க."

"அண்ணிகிட்டயே பேசுங்க" என்றான் கொழுந்தன்.

அவள் பின்பக்கம் வந்து குந்தினாள். "புரொப்பல்லர் நடுவுல ஒரு ரப்பர் இருக்கு. எங்கயாவது இடிச்சா கியர் உடையாம இருக்க, அது கொஞ்சம் நழுவிக் கொடுக்கும். பழசாச்சுன்னா எப்பவுமே நழுவும். முறுக்க முறுக்க உள்ள தண்டு சுத்தும், வெளிய இறக்கை சுத்தாது. இழுக்கப் பாரம் இல்லாத மோட்டார் கத்தாம என்ன பண்ணும்?"

"கழட்டிக்கூடப் பாக்கல. எப்படி அவ்வளவு தீர்மானமா சொல்றீங்க?"

 அவள் ஒரு பழந்துணியை எடுத்து, மரையைச் சுற்றி அப்பியிருந்த கிரீஸை அழுத்தித் துடைத்தாள். அடியில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அதன் பாதி உள்வளையத்தில் இருந்தது. மறுபாதி இரண்டு விரல் தள்ளி வெளிவளையத்தில் இருந்தது.

"நேரா இருந்த ஒரே கோடு. இப்ப ரெண்டு துண்டாகி ஆளுக்கொரு பக்கமா நிக்குது. உள்ள இருக்கிறது நழுவுதுன்னு இதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

தரகர் சமாளித்தார். "முன்னாடி பாத்த மெக்கானிக் எவனாவது பெயின்ட்ல போட்டிருப்பான்."

"இது பெயின்ட் இல்ல. நெயில் பாலிஷ்."

"ஏதோ ஒண்ணு! ஒரு ரப்பர்தானே, மாத்திட்டாப் போச்சு. நகருங்க, நான் ஓட்டுறேன்."

"நீங்க ஓட்டினா தூண்ல போய்தான் மோதுவோம். அங்க உக்காருங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் தரகர் உட்கார்ந்துவிட்டார். கொழுந்தன் துடுப்பை ஊன்றித் தூணிலிருந்து படகைத் தள்ளிப் பிடித்தான். அவள் மோட்டாரை இறக்கிக் கயிற்றை இழுத்தாள். கைப்பிடியைக் கால்வாசிதான் திருகினாள். ரப்பர் பிடித்துக்கொண்டது. சிங்கம் பூனையாக முனகியது. படகு நகர்ந்தது.

"ஓடுது பாருங்க!" தரகருக்கு உயிர் வந்தது. கொஞ்ச தூரம் போனதும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். "அக்கா, நம்ம துறை அந்தப் பக்கம்."

"தெரியும்."

"இந்தப் பக்கம் ஆத்துப் போலீஸ் சாவடில்ல இருக்கு?"

"அதுவும் தெரியும்."

தரகர் பாதி எழுந்தார். படகு ஆடியது. கொழுந்தன் அவர் தோளில் கை வைத்து அழுத்தி உட்கார வைத்தான். சாவடிப் படியில் நின்ற இரண்டு போலீஸ்காரர்கள் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன விளையாடுறீங்களா?" தரகர் எகிறினார். "இது என் சொந்த மோட்டாரு! எங்க வேணா தேடுங்க, இதுல ஒரு நம்பர் இருக்காது. யாரு வந்து என்னத்தை நிரூபிக்க முடியும்?"

படகு படியில் உரசி நின்றதும் அவள் மோட்டாரை அணைத்து மேலே தூக்கினாள். கொழுந்தன் செல்போனில் ஒரு படத்தைத் திறந்து போலீஸ்காரரிடம் நீட்டினான். அவர் படத்தைப் பார்த்தார், குனிந்து புரொப்பல்லரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"என்ன படம்க்கா அது?" தரகரின் குரல் இறங்கிவிட்டது.

அவள் மோட்டாரை விட்டு நிமிர்ந்தாள்.

"இந்த மோட்டார் என் படகுலேர்ந்து திருடு போறதுக்கு முந்தின நாள், ரப்பர் நழுவுதான்னு பாக்க இதே கோட்டை நான் போட்டப்ப எடுத்தது."