பெயர் வாசிக்கும் கூட்டம்

முதல் குற்றம்: வாசல் மணியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டது.

இரண்டாவது: ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்தியது.

மூன்றாவது: ராத்திரி போய் நின்ற தலைவரின் மச்சினனை, "காலையில் வாங்க" என்று திருப்பி அனுப்பியது.

நான்காவது, எல்லாவற்றையும்விடப் பெரியது: பெயர்ப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, ரத்தப் பரிசோதனை மிஷின் விற்கிற கம்பெனியில் டை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

மில் தொழிலாளர் சங்கத் தலைவர் நான்கையும் இதே வரிசையில் மனதுக்குள் சொல்லிக்கொண்டே டாக்டர் வீட்டுப் படியேறினார். கூட வந்தவர் பொருளாளர். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் குடை இருக்கும். அதனால் பெயரே 'குடை'.

மில் வாசல் கூட்டத்தில் இரண்டு வகைப் பெயர்களை வாசிப்பார்கள். முதலில் துரோகிகள்; கூட்டம் ஊளையிடும். பிறகு உழைத்து ஓய்ந்தவர்கள். கூட்டம் எழுந்து நிற்கும். விளக்கம் கேட்காமல் எவனையும் துரோகி என்று வாசித்ததில்லை. அது தலைவர் போட்ட சட்டம். இல்லாவிட்டால் 'ஊசி போடாத டாக்டர்' வீட்டில் இப்போது அவருக்கு என்ன வேலை? ஊசிக்குப் பயந்த சனங்கள் ஆசையாய் வைத்த பெயர் அது. இனி இந்த டாக்டருக்கு அது ஒரு கேடா!

கதவைத் திறந்தது டாக்டரின் மனைவி.

"வாங்க அண்ணே. சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. உட்காருங்க."

"கொஞ்சம் அவசரம்மா."

"பதினெட்டு வருஷத்துல இந்த வாசலுக்கு அவசரமில்லாம யாரு வந்திருக்காங்க? சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் வருவாரு."

ஐந்தாவது குற்றம் என்று தலைவர் சேர்த்துக்கொண்டார். முன்பெல்லாம் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்து வருகிற மனுஷன்!

"என் மச்சினனை ராத்திரியில விரட்டி விட்டாரே, அது நியாயமாம்மா?"

"எந்த மச்சினன்? எங்க மக பிறந்த அன்னிக்கு, உசுரு போகுதுன்னு இவரை இழுத்துக்கிட்டுப் போனாரே, அவரா? நான் இங்க நர்ஸம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தறேன். இவரு அங்க உங்க மச்சினன் வயித்தைத் தட்டிப் பார்த்துக்கிட்டு இருக்காரு."

"வயித்துல என்னவாம்?"

"வாயு, அண்ணே."

குடை சிரிப்பை அடக்க இருமினார். தலைவர் முறைத்தார்.

ஈரக் கையைத் துடைத்தபடி டாக்டர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நாளைக்கு உங்க பேரை வாசிக்கப் போறேன் டாக்டர். சனங்களை நட்டாத்துல விட்டுட்டு மிஷின் விக்கப் போயிட்டீங்க. சொல்றதுக்கு ஏதாவது இருந்தா சொல்லுங்க."

"போனது உண்மைதான் தலைவரே. ஒரு குழந்தைக்கு மருந்து எழுதினேன். அஞ்சு சொட்டுக்குப் பதிலா அம்பதுன்னு எழுதிட்டேன். மருந்துக்கடைக்காரர் பார்த்துட்டு ஓடி வந்தாரு. இல்லேன்னா..." டாக்டர் தன் கையையே பார்த்தார். "முந்தின ராத்திரி தூங்கலை. அதுக்கு முந்தின ராத்திரியும்தான். கடைசியா எப்பத் தூங்கினேன்னு யோசிச்சேன். ஞாபகம் வரலை."

"ரெண்டு நாள் லீவு போட வேண்டியதுதானே?"

"யார்கிட்ட கேட்கறது?"

தலைவர் பொருளாளரைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரே தொடர்ந்தார்.

"மணியைப் பிடுங்கினேன், கதவைத் தட்டினாங்க. கதவைச் சாத்தினேன், ஜன்னலைத் தட்டினாங்க. கம்பெனியில ஆறு மணியானா அவங்களே விளக்கை அணைச்சு வீட்டுக்குப் போகச் சொல்றாங்க." கை துடைத்த துண்டை மடித்து வைத்தார். "ஆனா, உங்களைப் பார்த்ததுமே பாதி நோவு போயிடுச்சுன்னு அங்க யாரும் சொல்றதில்லை. மிஷினுக்கு அது தெரியாது பாருங்க."

தலைவர் எழுந்தார். நாக்கு தானாக மேல்வரிசையில் பல் போன இடத்தைத் துழாவியது. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போன ஊர்வலத்தில், தடியடியில் போன பற்கள். அந்த ஓட்டையைக் காட்டாமல் அவர் எந்த மேடையிலும் பேசியதில்லை.

படியிறங்கும்போது குடை கேட்டார்: "துரோகிதானே தலைவரே?"

"பேசாம வாய்யா."

மறுநாள் மாலை, ஷிப்டு விட்ட கூட்டம் மில் வாசலில் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. ஆபீஸிலிருந்து நேரே வந்த டாக்டர் டையைக்கூடக் கழற்றாமல் மனைவியோடு கடைசியில் நின்றார். எதுவானாலும் நேரில் கேட்டுக்கொள்வது என்று வந்துவிட்டார்.

"முதல்ல துரோகிங்க பேரு." தலைவர் நிறுத்தினார். "இந்தத் தடவை யாரும் இல்லை."

"டாக்டர் பேரு எங்க? வாசிங்க மாமா!" முன்வரிசையிலிருந்து கத்தினான் மச்சினன்.

"வாசிக்கத்தான்டா போறேன். எட்டு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கறவனுக்கு நம்ம நோட்டீஸ்ல என்ன பேரு?"

"ரத்தம் குடிக்கிற முதலாளி!" ஒரே குரலில் கத்தியது கூட்டம்.

"ஒரு மனுஷன்கிட்ட பதினெட்டு வருஷமா ராத்திரி பகல்னு பார்க்காம வேலை வாங்கினோம். மூணு ஷிப்டுக்கு மூணு டாக்டரைப் போடுன்னு நகராட்சிகிட்ட ஒரு நாளாவது கேட்டோமா?"

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்ப, உழைச்சு ஓய்ஞ்சவங்க பேரு. எல்லாரும் எழுந்து நில்லுங்க."

எழுந்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பல் போன இடத்தில் காற்றுப் புகுந்து குரல் உடைய, சத்தமாக வாசித்தார்:

"ஊசி போடாத டாக்டர். தொழிலாளி."