டவாலி கூப்பிடாத பெயர்

கூலியாளைக் கொடுமைப்படுத்திய வழக்கில், சாயப்பட்டறை முதலாளி நாச்சிமுத்து கூண்டில் நின்று உருகினார். "செங்கோடனப் பெத்த புள்ளையாட்டப் பாத்துக்கறனுங்க."

பட்டறையில் ஆட்களின் வருகையைப் பதியும் கருவிக்கு இங்கிதம் போதாது. ஓர் ஆளை எப்படிக் கூப்பிடுகிறார்களோ, அதைக் கேட்டு அதையே பெயராகப் பதிந்துவிடும். நீதிமன்றச் சாட்சிப் பட்டியலும் அதிலிருந்துதான் வருகிறது. அடுத்த சாட்சியின் பெயரைப் பார்த்த டவாலி, நீதிபதியம்மாவிடம் தயங்கினார்.

"அம்மா, 'திக்குவாய் எருமை'ன்னு இருக்குதுங்க. வழக்கம்போல மூணு தடவை கூப்பிடோணுங்களா?"

நீதிபதி முதலாளியைப் பார்த்தார். "நீங்களே கூப்பிடுங்க. உங்களுக்குத்தான் பழக்கம்."

நாச்சிமுத்து, "செங்கோடா, வா சாமி" என்று குழைந்தார்.

கடைசி பெஞ்சில் இருந்த செங்கோடன், யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தான். பின்னால் சுவர்தான் இருந்தது.